இரவு 8 மணிக்கு உறையும் கணினி: ராம் வாங்கும் முன் டெர்மினலில் என்ன பார்க்க வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் வகுப்பின் கணினியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி கேட்டது இது: "கடைவீட்டு மாடியில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு சர்வர் போட்டு, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) மாணவர்களுக்குப் பயிற்சித் தேர்வு நடத்துகிறோம். இரண்டு கோர், 4 ஜி.பி. ராம். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 8 மணிக்கு வகுப்பு. இருபது பிள்ளைகள் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஃப்ரீ கட்டளையில் 158 எம்.பி.தான் மிச்சம் என்று வருகிறது. ராம் போதவில்லை, 180 வெள்ளிக்குக் கூடுதலாகப் போட்டுவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?"

தம்பி, வாங்க வேண்டாம். நேற்றிரவு போனில் அவசரமாகச் சொன்னதை இப்போது முழுதாக எழுதுகிறேன். நேற்று காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த முறை காரணம் வேறாக இருக்கும். அப்போது நான் போனில் கிடைக்காமலும் போகலாம். எந்த எண் எதைச் சொல்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கட்டளைகளின் பெயரை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் உங்களைப் பயமுறுத்திய அந்த 158 எம்.பி. நீங்கள் அனுப்பிய படத்தில் ஃப்ரீ காட்டிய வரி இப்படி இருந்தது: மொத்தம் 3.7 ஜி.பி., பயன்பாட்டில் 1.4, ஃப்ரீ என்ற பத்தியில் 158 எம்.பி., பஃப்-கேஷ் என்ற பத்தியில் 2.2 ஜி.பி., கடைசியில் அவெய்லபிள் என்ற பத்தியில் 2.0 ஜி.பி. படம் எடுத்தவர் கடைசிப் பத்தியைப் பாதி வெட்டிவிட்டார். நீங்கள் பார்த்திருக்க வேண்டியதே அந்தப் பத்தியைத்தான்.

ஒரு மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு பின்கட்டில் இருக்கிறது, ஆள் வந்து கேட்டால் உள்ளே போய் எடுத்துவர நேரமாகும். அதனால் அடிக்கடி கேட்கும் பொருளை முன்மேசையிலேயே அடுக்கி வைக்கிறார் கடைக்காரர். மேசை நிறைந்து கிடக்கிறது, ஆனால் இடமில்லை என்று அர்த்தமில்லை. புதுச் சரக்கு வந்தால் பழையதில் பாதியை ஒதுக்கிவிட்டு வைத்துக்கொள்வார், பின்கட்டில் அதே பொருள் இருக்கிறதே. லினக்ஸ் செய்வது இதுதான். டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, ராமில் இடம் இருக்கும் வரை வைத்துக்கொள்ளும். அது பஃப்-கேஷ் பத்தியில் சேரும். ஏதாவது ப்ரோகிராம் நினைவகம் கேட்டால் அந்த இடத்தை உடனே விடுவித்துக் கொடுக்கும். ஃப்ரீ என்ற பத்தியோ, மேசையில் ஒன்றுமே வைக்காத வெற்றுப் பலகையை மட்டும் அளக்கிறது. கோப்புகளை நிறையப் படித்து ஓடிய லினக்ஸ் சர்வரில் அந்த எண் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். 64 ஜி.பி. ராம் போட்டாலும் கடைசியில் அது சுருங்கிப்போகும்.

புதிதாக ஒரு ப்ரோகிராம் தொடங்கினால், ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) போகாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவெய்லபிள். 2014இல் வந்த கர்னல் 3.14இல்தான் இந்தக் கணக்கைச் சேர்த்தார்கள். அதற்கு முன் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டி ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், அது பல நேரம் தப்பாகவும் போகும், ஏனென்றால் கேஷில் எல்லாவற்றையும் விடுவிக்க முடியாது. உங்கள் கணினியில் 3.7இல் 2.0 ஜி.பி. கையில் இருக்கிறது. பாதிக்கு மேல். ராம் பற்றாக்குறை என்று இதைச் சொல்ல முடியாது.

ஸ்வாப் வரியில் 212 எம்.பி. பயன்பாட்டில் என்று இருந்ததையும் கேட்டீர்கள். ஸ்வாப்பில் ஏதோ கிடக்கிறது என்பது பிரச்சினை அல்ல. எப்போதோ தொடங்கி, யாரும் தொடாமல் தூங்கும் ப்ரோகிராம்களின் பக்கங்களைக் கர்னல் அங்கே தள்ளிவைத்திருக்கும். ஸ்வாப்பில் கிடப்பது கெடுதல் இல்லை, அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கெடுதல். அதை எங்கே பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, இப்போது டாப். எந்த ப்ரோகிராம் எவ்வளவு ப்ராசசரும் நினைவகமும் எடுக்கிறது என்று நேரடியாகக் காட்டும் கட்டளை, அநேகமாக எல்லா லினக்ஸிலும் தானாகவே இருப்பது இது. எச்டாப் நிறமும் பட்டையுமாகப் பார்க்க வசதியானது, 2004இல் ஹிஷாம் முகமது எழுதத் தொடங்கியது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை, இல்லாவிட்டால் கணினி உறையும் நேரத்தில் நிறுவ முடியாது. அதனால் முதலில் டாப்பைப் படிக்கப் பழகுங்கள்.

நேற்று வகுப்பு தொடங்கி 4 நிமிடத்தில் நீங்கள் எடுத்த படம் என் முன்னால் இருக்கிறது. முதல் வரி: 12:04:31, இயங்கும் நேரம் 23:48, இரண்டு பயனர், லோட் ஆவரேஜ் 9.42, 5.71, 2.63.

அந்த மூன்று எண்களையும் எல்லோரும் சதவீதம் என்று நினைக்கிறார்கள். அவை சதவீதம் அல்ல, வரிசையின் நீளம். என் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி எடை மேடையில் கிராணியாக இருந்தார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் மாலையில் எல்லா எஸ்டேட் லாரியும் ஒன்றாக வந்து நிற்கும். மேடையில் ஏறி நிற்கும் லாரியையும் பின்னால் சடக்கில் காத்திருக்கும் லாரியையும் சேர்த்து எண்ணினால் என்ன வருமோ, அதுதான் லோட். உங்களிடம் இரண்டு மேடை, அதாவது இரண்டு கோர். லோட் 2 என்றால் இரண்டு மேடையிலும் ஒவ்வொரு லாரி, பின்னால் யாரும் இல்லை. 9.42 என்றால் ஏழு லாரி சடக்கில் நிற்கிறது. அதே 9.42 பதினாறு கோர் உள்ள கணினியில் வந்தால் ஆறேழு மேடை சும்மா கிடக்கிறது என்று பொருள். ஆகவே என்-ப்ராக் (nproc) என்று ஒருமுறை தட்டி, எத்தனை கோர் என்று தெரிந்துகொண்டு பிறகு லோடைப் பாருங்கள்.

மூன்று எண்கள் ஏன்? கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம். இடப்பக்கம் பெரியதாகவும் வலப்பக்கம் சிறியதாகவும் இருந்தால் சுமை இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. உங்கள் படத்தில் அப்படித்தான்: 9.42, 5.71, 2.63. சில நிமிடங்களுக்கு முன் ஏதோ தொடங்கியிருக்கிறது. வலப்பக்கம் பெரியதாக இருந்தால் மழை விட்டுவிட்டது, தூறல்தான் மிச்சம்.

இங்கே லினக்ஸில் மட்டும் ஒரு விஷயம் உண்டு, இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் புது ப்ராசசர் வாங்கியிருக்கிறார்கள். லினக்ஸின் உறவான மற்ற யூனிக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றில் லோட் என்பது ப்ராசசரில் ஓடுபவர்களையும் அதற்காகக் காத்திருப்பவர்களையும் மட்டும் எண்ணும். லினக்ஸில் 1993இலேயே ஒரு மாற்றம் செய்தார்கள்: டிஸ்க் பதில் சொல்வதற்காக, இடையில் எழுப்ப முடியாத தூக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்து எண்ணும். ஆலைக் கதையில் சொன்னால், மேடையில் எடை போட்டு முடித்துவிட்டு, குலையை இறக்க இடமில்லாமல் முற்றத்தில் நிற்கும் லாரியும் கணக்கில் வரும். எனவே லோட் 9 என்றதும் ப்ராசசருக்கு வேலை அதிகம் என்று முடிவு கட்டக் கூடாது. மேடை காலியாக இருந்தும் முற்றம் நிறைந்திருக்கலாம்.

எது என்று சொல்வது மூன்றாவது வரி. உங்கள் படத்தில்: யு.எஸ். 5.8, எஸ்.ஒய். 4.1, ஐ.டி. 8.7, டபிள்யூ.ஏ. 81.0. முதலாவது, நம் ப்ரோகிராம்கள் ஓடிய நேரம். இரண்டாவது, கர்னல் ஓடிய நேரம். ஐ.டி. சும்மா இருந்த நேரம். டபிள்யூ.ஏ. என்பதும் சும்மா இருந்த நேரம்தான், ஆனால் டிஸ்க் வேலை ஒன்று முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது சும்மா இருந்தது. பிள்ளைகளின் தேர்வுப் பக்கங்களைத் தயாரிக்க உங்கள் ப்ராசசர் செலவழித்தது பத்து சதவீதம்கூட இல்லை. மீதி நேரம் டிஸ்க்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாடகை சர்வர் எடுத்திருந்தால் அதே வரியின் கடைசியில் எஸ்.டி. என்ற எண்ணையும் பாருங்கள். அது ஏறினால் அதே இரும்பில் குடியிருக்கும் வேறு யாரோ உங்கள் பங்கு நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தக் கணினியில் அது பூஜ்யமாகவே இருக்கும்.

டாப் திறந்திருக்கும்போது 1 என்ற எண்ணை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனி வரியாக வரும். ஒரே ஒரு கோர் நூறைத் தொட்டு மற்றது சும்மா இருக்கிறதா என்பது இதில்தான் தெரியும், கூட்டிய எண்ணில் அது ஐம்பது என்று சாதாரணமாகத் தோன்றும். பெரிய எழுத்து எம் அழுத்தினால் நினைவகத்தின்படி வரிசையாகும், பெரிய எழுத்து பி (P) அழுத்தினால் மறுபடி ப்ராசசரின்படி. சின்ன எழுத்து சி அழுத்தினால் ப்ரோகிராமின் முழுக் கட்டளை வரும். "பைத்தான்" என்று மூன்று வரி இருக்கும்போது எது யாருடையது என்று இதனால்தான் தெரியும்.

அடுத்தது, நேற்று போனில் "எஸ் என்று தலைப்பிட்ட பத்தியைப் பாருங்கள்" என்று நான் சொன்னது. அது ப்ரோகிராமின் நிலை. ஆர் என்றால் ஓடுகிறது அல்லது ஓடத் தயார். எஸ் என்றால் சாதாரணத் தூக்கம், தொண்ணூறு சதவீதம் இப்படித்தான் இருக்கும். இசட் என்றால் வேலை முடிந்தும் தாய்ப் ப்ரோகிராம் கணக்கை முடிக்காமல் பெயர் மட்டும் மிச்சமிருப்பது, அது நினைவகத்தையோ ப்ராசசரையோ தின்பதில்லை. டி (D) என்றால் டிஸ்க்குக்காக நிற்கிறது. நீங்கள் கீழே தள்ளிப் பார்த்து, "அண்ணா, எட்டு இடத்தில் டி இருக்கிறது. ஐந்து அப்பாச்சி, இரண்டு மரியாடிபி, ஒன்று டார்" என்றீர்கள். அப்பாச்சி பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர், மரியாடிபி தரவுத்தளம்.

டார். கோப்புகளை மூட்டை கட்டும் கட்டளை. வகுப்பு நேரத்தில் அது ஏன் ஓட வேண்டும்? டிஸ்க்கை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று காட்டும் ஐ.ஓ.டாப் போட்டதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. டிஸ்க்கில் நடந்த படிப்பு முழுவதும் டார் செய்வதுதான், பாட வீடியோக்கள் இருக்கும் அடைவை (ஃபோல்டரை) யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கேள்விகளை எடுக்க மரியாடிபி அதன் பின்னால் வரிசையில் நின்றது, மரியாடிபிக்காக அப்பாச்சி நின்றது, அப்பாச்சிக்காக இருபது பிள்ளைகள் நின்றார்கள். சுழலும் பழைய டிஸ்க்கில் படிக்கும் முனைகளைத் தாங்கும் கை ஒன்றுதான், இங்கும் அங்கும் ஓடி ஓடி எல்லோருக்கும் தாமதம்.

"முன்பு இருந்த சார் பேக்கப்பை மதியம் 12 மணிக்குத்தான் வைத்தார், அப்போது வகுப்பே கிடையாது" என்றீர்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரானின் பட்டியலான கிரான்டாப்பிலும் அப்படித்தான் இருந்தது, மணி 12, நிமிடம் 0. அப்போதுதான் உங்கள் படத்தின் முதல் வரியில் முதல் எண் கண்ணில் பட்டது. 12:04:31. நீங்கள் எடுத்ததோ இரவு 8:04க்கு. கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. சர்வர் நிறுவும்போது நேர வலயத்தை யாரும் மாற்றவில்லை. நம் நாடு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது, அந்தக் கணினியின் நண்பகல் 12 நமக்கு இரவு 8. வகுப்பு மணியடிப்பதும் பேக்கப் கிளம்புவதும் ஒரே நிமிடம்.

லோட் ஆவரேஜைத் தேடி ஓடும் கண் அந்த நேரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது, நானும் இருபது நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். பக்கத்திலேயே இன்னொரு தடயமும் இருந்தது: இயங்கும் நேரம் 23:48. அதாவது முந்தின நாள் இரவு 8:16க்கு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. தினமும் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் ரீஸ்டார்ட் செய்தீர்கள், அது டாரைக் கொன்றது, டிஸ்க் விடுதலையானது, "ராம் காலியாகிவிட்டது, சரியாகிவிட்டது" என்று எல்லோரும் நம்பினார்கள். ரீஸ்டார்ட் செய்தால் குணமாகிறது என்பதை வைத்து ராம்தான் நோய் என்று சொல்லவே முடியாது. ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் நிறுத்துகிறது, குற்றவாளியையும் சேர்த்து.

எனக்கு நேற்று மனத்தை உறுத்தியது வேறு. யூ.எஸ்.பி. டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளின் அளவைப் படிக்கச் சொன்னேன் அல்லவா? சனி, ஞாயிறு கோப்புகள் 58 ஜி.பி., மற்ற ஐந்து நாளும் 20 சொச்சம். வார நாட்களில் ஒரு பேக்கப்கூட முழுமையில்லை, எல்லாம் பாதியில் வெட்டுப்பட்டவை. எஸ்டேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் வந்து படிக்கும் பிள்ளைகளின் ஒரு வருட மதிப்பெண் அதில் இருக்கிறது. வேகத்தைவிட இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி நியாயமாக வரும். உண்மையாகவே ராம் போதாமல் இருந்திருந்தால் எப்படித் தெரியும்? அதற்கு நான் நம்பும் கட்டளை வி-எம்-ஸ்டாட் (vmstat). அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 1 என்று தட்டுங்கள், நொடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி, இந்த நொடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டாவது வரியிலிருந்து படியுங்கள். ஆர் பத்தி, ப்ராசசரில் ஓடுபவரும் காத்திருப்பவரும். பி (b) பத்தி, டிஸ்க்குக்கு நிற்பவர். எஸ்.ஐ., எஸ்.ஓ. என்ற இரண்டும் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வந்தது, வெளியே போனது. ராம் போதாவிட்டால் இந்த இரண்டு பத்தியிலும் நொடிக்கு நொடி ஆயிரக்கணக்கில் எண் ஓடும். நேற்று உங்களுக்கு இரண்டிலும் பூஜ்யம், பூஜ்யம் என்றே பத்து வரி வந்தது, பி பத்தியில் மட்டும் 7, 8, 8, 7. ராம் வாங்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொன்னது அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துத்தான்.

ராம் உண்மையில் தீர்ந்துபோன ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பல வருடம் முன் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில், மாதக் கடைசியில் கிராணி சம்பளக் கணக்கை ஓட்டும்போதெல்லாம் தரவுத்தளம் தானாக மறைந்துவிடும். கெட்டுப்போனது தரவுத்தளம்தான் என்று மூன்று முறை அதை மறுபடி நிறுவியிருந்தார்கள். டி-மெசேஜ் (dmesg) கட்டளைக்குச் சிறுகோடு போட்டுப் பெரிய எழுத்து டி (T) கொடுத்தால் கர்னலின் பதிவுகள் நேரத்தோடு வரும். அதில் நினைவகம் தீர்ந்தது, இந்த எண் ப்ராசஸைக் கொன்றேன் என்று கர்னலே எழுதிவைத்திருந்தது. நினைவகம் முற்றிலும் தீர்ந்தால் கணினி முழுவதும் விழுவதற்குப் பதில், ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்துவது கர்னலின் வழக்கம். பொதுவாக அதிகம் வைத்திருப்பவருக்குத்தான் முதல் அடி. தரவுத்தளம் எப்போதும் பெரிய ஆள், அதனால் பழியும் அதற்கே. அங்கே தவறு சம்பள ரிப்போர்ட்டில் இருந்தது, எல்லாத் தொழிலாளர் பதிவையும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றியது. ரீஸ்டார்ட் ஆனபின் பார்க்கிறீர்கள் என்றால் டி-மெசேஜில் பழையது இருக்காது, ஜர்னல்-சி.டி.எல். (journalctl) மூலம், ரீஸ்டார்ட்டுக்கு முந்தைய ஓட்டத்தின் கர்னல் பதிவைக் கேளுங்கள்.

டாப்பில் விர்ட், ரெஸ் என்று இரண்டு பத்தி இருக்கும். விர்ட் பெரிய எண்ணாக இருக்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது ப்ரோகிராம் கேட்டு வைத்திருக்கும் முகவரிகளின் பரப்பு, எல்லாம் ராமில் இல்லை. ராமில் இருப்பது ரெஸ். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீர்கள். உங்கள் அப்பாச்சி இருபது பிள்ளை ப்ராசஸ் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் 60 எம்.பி. என்றால் 1.2 ஜி.பி. என்று கணக்கு வரும். உண்மையில் அதில் ஒரு பங்கு எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துவது, ஒரு வீட்டுக் கிணற்றை இருபது பேர் "எங்கள் வீட்டுக் கிணறு" என்று எழுதிக் கொடுத்தால் இருபது கிணறு ஆகிவிடாது. பகிர்ந்ததைப் பங்கு பிரித்துச் சொல்லும் கணக்குக்கு பி.எஸ்.எஸ். என்று பெயர். ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸின் எண்ணில், எஸ்மேப்ஸ்-ரோல்அப் (smaps_rollup) என்ற கோப்பில் அது கிடைக்கும்.

அப்புறம் பி.எஸ். கட்டளை. பட்டியலை எடுத்து ஒரு கோப்பில் வைக்க, நினைவகப்படி வரிசைப்படுத்தி முதல் பத்தை மட்டும் பார்க்க, அதுதான் வசதி. ஆனால் அதில் வரும் ப்ராசசர் சதவீதத்தை டாப்பில் வருவதோடு ஒப்பிடாதீர்கள். பி.எஸ். காட்டுவது அந்த ப்ரோகிராம் பிறந்ததிலிருந்து இன்றுவரை எடுத்த சராசரி. ஒரு மாதமாகத் தூங்கிவிட்டு இந்த நிமிடம் கோரை முழுதாக விழுங்கும் ஒன்று அதில் 0.1 என்று அடக்கமாக உட்கார்ந்திருக்கும். டாப் கடைசி சில நொடிகளை மட்டும் அளக்கிறது. டாப்பில் 180 சதவீதம் என்று ஒன்று வந்தாலும் தவறில்லை, ஒரு கோருக்கு நூறு என்பது அதன் கணக்கு.

இத்தனையும் நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் உதவும். வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பீர்களா, திரையைப் பார்ப்பீர்களா? அதற்கு சிஸ்ஸ்டாட் என்ற தொகுப்பை நிறுவுங்கள். உபுண்டுவில் நிறுவினால் மட்டும் போதாது, எட்சி அடைவின் டிஃபால்ட் என்ற உள் அடைவில் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பைத் திறந்து, எனேபிள்ட் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். பிறகு 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானே குறித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் நிதானமாக சார் (sar) என்று தட்டி, சிறுகோடு யு கொடுத்தால் ப்ராசசர், சிறுகோடு ஆர் கொடுத்தால் நினைவகம், சிறுகோடு க்யூ கொடுத்தால் லோட். இது ஒரு மாதம் முன்பே இருந்திருந்தால், தினமும் ஒரே வரியில் டிஸ்க் காத்திருப்பு குதிப்பதை ஒரே பார்வையில் பார்த்திருப்பீர்கள். தினமும் ஒரே நேரத்தில் நடப்பது என்றால் எனக்கு முதலில் கிரான்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று, கொஞ்சம் புதியது. 2018 டிசம்பரில் வந்த கர்னல் 4.20 முதல், ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்று ஓர் அடைவு இருக்கிறது. அதில் ப்ராசசர், நினைவகம், டிஸ்க் மூன்றுக்கும் ஒவ்வொரு கோப்பு. கேட் கட்டளையால் திறந்தால், கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் யாராவது ஒருவர் அந்தப் பொருளுக்காக வேலை நின்று காத்திருந்தார் என்று நேரடியாகச் சொல்லும். இருப்பு எவ்வளவு என்பதைவிடப் பற்றாக்குறையால் யார் தடைப்பட்டார் என்பதுதான் நமக்கு வேண்டிய பதில், இது அதைத்தான் சொல்கிறது. நினைவகக் கோப்பில் பூஜ்யமும் டிஸ்க் கோப்பில் பெரிய எண்ணும் வந்தால் ராம் கடைக்குப் போகவே வேண்டாம்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மாடிக்கு மேல் தகரக்கூரை, ஏர்கான் வகுப்பறையில் மட்டும். கணினி ஸ்டோர் அறையில். ப்ராசசர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது டாப்பில் யு.எஸ். உயரமாக, டபிள்யூ.ஏ. தாழ்வாக இருக்கும், வேலை மட்டும் நகராது. சென்சர்ஸ் கட்டளையில் வெப்பம் தெரியும். நேற்று உங்களுக்கு 61 டிகிரிதான், இப்போதைக்குக் கவலையில்லை. தூசியை மட்டும் தட்டிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. டைம்டேட்-சி.டி.எல். (timedatectl) மூலம் நேர வலயத்தை ஏசியா-கோலாலம்பூர் என்று மாற்றுங்கள், இரண்டு பெயருக்கும் நடுவில் சாய்கோடு, இரண்டாவது பெயரின் இரு சொற்களையும் அடிக்கோடு சேர்க்கும். மாற்றியதும் கிரானை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கிரான் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மரியாடிபியையும் அப்படியே. இதில் ஒரு சிக்கல் வரும்: இதுவரை பிள்ளைகள் விடை அனுப்பிய நேரம் டேட்டைம் வகையில் சேமிக்கப்பட்டிருந்தால் அவை எட்டு மணி நேரம் பின்னாலேயே நிற்கும். மாற்றும் தேதியை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள், பிறகு மதிப்பெண் பட்டியல் எடுக்கும்போது குழப்பம் வராது.

பேக்கப்பை விடியற்காலை 3 மணிக்குத் தள்ளுங்கள், கணினிதான் இரவெல்லாம் ஓடுகிறதே. டாருக்கு முன்னால் நைஸ் 19 என்றும், ஐஓ-நைஸ் கட்டளையில் மூன்றாம் வகுப்பு என்றும் சேர்த்துவிட்டால் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓடும். ஐஓ-நைஸை மதிப்பது டிஸ்க் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியின் வகையைப் பொறுத்தது, அதனால் அதை மட்டும் நம்பி வகுப்பு நேரத்தில் ஓட விடாதீர்கள். மதிப்பெண் தரவுத்தளத்தை வீடியோ மூட்டையிலிருந்து பிரித்து, தனியாக டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிய நகல்) எடுங்கள். சில நிமிடத்தில் முடியும், வீடியோ பாதியில் நின்றாலும் மதிப்பெண் பத்திரமாக இருக்கும்.

நாளைக் காலையில் முதல் வேலையாக ஒரு டம்ப்பை எடுத்து உங்கள் லேப்டாப்பில் திறந்து, ஏதாவது ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கண்ணால் பாருங்கள். பிறகு திங்கள் இரவு 8:05க்கு டாப் போட்டு, முதல் மூன்று வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள். இந்த முறை ஓரம் வெட்டாமல்.